தோர்ரே தெல் லாகோ: போஸ்ட்கார்டில் வராத ஊர்

இத்தாலியக் கடற்கரையில் இரண்டு ஆண்கள் ஜோடியாகப் போய் கோடை விடுமுறை கழிக்க ஒரே ஓர் ஊரைச் சொல் என்று கேட்டால், யோசிக்காமல் தோர்ரே தெல் லாகோவைச் சொல்வேன். அழகான ஊர் என்று சொல்ல மாட்டேன். குன்றின்மேல் அடுக்கடுக்காக வீடுகள், எலுமிச்சைத் தோட்டம், கீழே நீலக் கடல் என்று தேடுபவர்கள் அமால்ஃபி பக்கம் போய்க்கொள்ளலாம். இங்கே இருப்பது தட்டையான நிலம், நேர்க்கோடு போட்ட மாதிரி ஒரு மணற்கரை, பைன் மரக்காடு, பின்னால் ஓர் ஏரி. அவ்வளவுதான். ஆனால் கடற்கரைச் சாலையில் கைகோத்து நடந்தால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மதுரைக்காரனான எனக்கும் சென்னைக்காரரான என் இணையருக்கும் விடுமுறையில் முதலில் வேண்டியது அதுதான். காட்சி அழகெல்லாம் அப்புறம்.

டஸ்கனி மாநிலத்தின் வடமேற்கு மூலையில், வியரெஜ்ஜோ நகரத்தைச் சேர்ந்த ஊர் இது. விமானத்தில் வருபவர்கள் பீசாவில் இறங்கி, அங்கிருந்து வியரெஜ்ஜோ போகும் உள்ளூர் ரயிலைப் பிடிக்க வேண்டும். இருபது நிமிடப் பயணம். தோர்ரே தெல் லாகோவுக்கே தனி நிலையம் உண்டு, ஆனால் எல்லா ரயிலும் நிற்காது, பார்த்து ஏறுங்கள். காகித டிக்கெட் வாங்கினால் ஏறுவதற்கு முன் நடைமேடையில் இருக்கிற சிறிய இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். மறந்தால் கையில் டிக்கெட் இருந்தும் அபராதம். நிலையத்திலிருந்து கடற்கரை இரண்டு கிலோமீட்டருக்கு மேல். நாங்கள் வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டோம். ஏற்றமே இல்லாத ஊர் என்பதால் வேட்டி கட்டிக்கொண்டுகூட ஓட்டலாம்.

இந்தப் பக்கத்துக்கு 'கே' ஊர், அதாவது தன்பாலீர்ப்பாளர்களின் ஊர் என்ற பெயர் வந்து பல வருடங்கள் ஆகின்றன. அதற்குச் சட்டத்தின் துணையும் கொஞ்சம் உண்டு. பாலீர்ப்பின் பெயரால் பாகுபாடு காட்டக் கூடாது என்று இத்தாலியில் முதன்முதலாகச் சட்டம் போட்ட மாநிலம் டஸ்கனிதான், 2004-இல். நாடு முழுவதற்குமான பாதுகாப்புச் சட்டம் ஒன்று 2021-இல் செனட் வரை போய், அங்கேயே விழுந்துவிட்டது. ஆகவே 'இத்தாலி முழுக்க இப்படித்தான்' என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். ஊருக்கு ஊர் வித்தியாசம் இருக்கிறது.

அந்த வித்தியாசம் எங்களுக்குத் தெரிந்தது விடுதி வரவேற்பறையில். இங்கே வருவதற்கு முன் லிகூரியா கரையில் ஓரிடத்தில் தங்கினோம். பெயர் வேண்டாம். இணையப் பக்கத்தில் வானவில் கொடி பளபளவென்று பறந்தது. இரட்டைக் கட்டில் என்று எழுத்தில் உறுதியும் வாங்கியிருந்தோம். போய்ச் சேர்ந்தால் இரண்டு ஒற்றைக் கட்டில்கள், நடுவில் ஒரு மேசை, அதன்மேல் ஒரு விளக்கு. கேட்டதற்கு, 'நண்பர்கள்தானே, இது வசதியாக இருக்கும்' என்று புன்னகை மாறாமல் சொன்னார் அந்த அம்மா. மேசையை நாங்களே நகர்த்திக்கொண்டோம். நடுவில் இருந்த இடைவெளியை ஒன்றும் செய்ய முடியவில்லை. தோர்ரே தெல் லாகோவில் நாங்கள் தங்கிய சின்ன விடுதியில் கொடியும் இல்லை, ஸ்டிக்கரும் இல்லை. எழுபது வயதைத் தாண்டிய பெண்மணி இரண்டு பாஸ்போர்ட்டையும் வாங்கி எழுதிக்கொண்டு, ஒரே சாவியைக் கொடுத்து, காலை உணவு பத்து மணிவரைதான், இரவு ஆட்டத்துக்குப் போகிறவர்கள் யாரும் எழுந்திருப்பதில்லை, அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது என்றார். எனக்கு அதுதான் வரவேற்பு.

பாஸ்போர்ட் விஷயத்தில் நம்மவர்கள் பதற வேண்டாம். இத்தாலியில் தங்குகிற ஒவ்வொருவரின் விவரத்தையும் விடுதி போலீசுக்கு அனுப்ப வேண்டும் என்பது பொதுச் சட்டம். ஜோடி எப்படிப்பட்டது என்று யாரும் அதில் எழுதுவதில்லை. அறை பதிவு செய்யும்போது 'மாத்ரிமோனியாலே' என்று கேளுங்கள். 'தோப்பியா' என்று கேட்டால் இரண்டு தனிக் கட்டில்தான் கிடைக்கும். தலைக்கு இவ்வளவு, இரவுக்கு இவ்வளவு என்று ஒரு நகர வரியும் தனியாகக் கேட்பார்கள். ஏமாற்று இல்லை, இத்தாலியில் பல ஊர்களில் உண்டு.

இனிக் கடற்கரை. இத்தாலியில் கரையின் ஒரு பெரிய பகுதி 'பான்யோ' எனப்படும் குத்தகைக்காரர்களின் கையில். வரிசை வரிசையாகக் குடை, குடைக்கு இரண்டு சாய்வுப் படுக்கை, உடை மாற்ற ஓர் அறை, குளிக்க ஷவர், காபிக் கடை, எல்லாம் சேர்த்து நாள் வாடகை. கடலுக்கு முதல் வரிசை என்றால் விலை கூடுதல், பின்வரிசை மலிவு. எங்களுக்குப் பின்வரிசையில் ஒரு நாளுக்கு 35 யூரோ ஆனது. 'காசு கொடுத்து மணலில் உட்காரணுமா? மெரினாவில் கடலைகூடக் கிடைக்குமே' என்று இணையர் முதல் நாள் முழுக்கப் புலம்பினார். மறுநாள் வாயைத் திறக்கவில்லை. சுற்றி இருந்தவர்கள் எல்லாம் வெயிலில் புரண்டு புரண்டு தோலைக் கருக்கிக்கொண்டிருக்க, குடை நிழல் நகர நகரப் படுக்கையையும் நகர்த்திக்கொண்டே போன ஒரே ஜோடி நாங்கள்தான். பான்யோ பையன் அதைப் பார்த்துவிட்டு, கேட்காமலே இரண்டாவது குடை ஒன்றை நட்டுவிட்டுப் போனான்.

காசு கொடுக்க மனமில்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. தண்ணீரை ஒட்டிய கரை எல்லோருக்கும் பொது. பான்யோ வழியாக நடந்துபோய்க் கடலில் இறங்குவதை யாரும் தடுக்க முடியாது. துண்டை விரித்துப் படுக்க மட்டும் கூடாது. படுக்க வேண்டும் என்றால் வடக்கே லெச்சோனாவுக்குப் போங்கள்.

லெச்சோனாவுக்காகவே இந்த ஊருக்கு வரலாம். தோர்ரே தெல் லாகோவுக்கும் வியரெஜ்ஜோ துறைமுகத்துக்கும் நடுவில், இயற்கைப் பூங்காவுக்குள் இருக்கிற திறந்த கரை. பான்யோ இல்லை, கட்டடம் இல்லை. முன்னால் கடல், பின்னால் மணல்மேடுகள், அதற்கும் பின்னால் பைன் காடு. சைக்கிளைக் காட்டு ஓரத்தில் பூட்டிவிட்டு மணலில் நடக்க வேண்டும். ஓரளவு நடந்ததும் கூட்டம் மாறுவது தெரியும். குடும்பங்கள் குறைந்து, ஆண் ஜோடிகளும் பெண் ஜோடிகளும் அதிகமாவார்கள். இன்னும் போனால் துணியும் குறையும். எங்கே நிற்பது என்பது உங்கள் வசதி. எங்களுக்குத் துணி தேவைப்பட்டது, அதையும் யாரும் கேலியாகப் பார்க்கவில்லை. வடக்கே அண்ணாந்து பார்த்தால் மலை உச்சிகள் வெள்ளையாகத் தெரிகின்றன. 'ஜூனில் பனியா?' என்றார் இணையர். பனி இல்லை, கராராவின் பளிங்குக் குவாரிகள். மிக்கேலாஞ்சலோ கல் எடுத்த அதே மலைகள். கடல் கரையோரம் ஆழம் குறைவுதான். ஆனால் காற்று அடிக்கிற நாளில் இங்கே உயிர்காப்பாளரை நம்பி இறங்காதீர்கள். தண்ணீர், தொப்பி, சாப்பாடு எல்லாம் நீங்களேதான் கொண்டுபோக வேண்டும்.

பான்யோவில் பக்கத்துக் குடையில் இருந்தவர்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இருவருமே அறுபதுகளின் கடைசியில். ஒருவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், மற்றவர் தையல்காரர். மதியம் மூன்று மணிக்கு ஒரு சடங்கு மாதிரி பீச் பழத்தைத் தோல் சீவி, மெல்லிசாக நறுக்கி, வெள்ளை ஒயினில் போட்டு, ஐஸ்பெட்டியில் கொஞ்ச நேரம் வைத்து எடுப்பார்கள். எங்களுக்கும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் டம்ளர் வரும். ஊறிய பழத்தை முதலில் தின்றுவிட்டு அப்புறம்தான் ஒயின். மாற்றிக் குடித்ததற்கு இணையருக்குத் திட்டு விழுந்தது. 2016-இல் ஒருபால் இணையர்களுக்கான பதிவுச் சட்டம் வந்த அதே வருடம் பதிவு செய்துகொண்டார்களாம். அதற்கு முன் எல்லா ஊரிலும், எல்லா வீட்டுக்காரரிடமும், 'மாமன் மகன்' என்று சொல்லியே காலம் ஓடியிருக்கிறது. 'நாங்கள் ரூம்மேட்' என்றேன். தையல்காரர் சிரித்த சிரிப்பில் ஒயின் மணலில் கொட்டியது. அங்கேயும் அது பதிவுதான். திருமணம் இன்னும் இல்லை, சேர்ந்து குழந்தை தத்தெடுக்கவும் வழியில்லை. நம் ஊரில் தன்பாலுறவைக் குற்றமாக்கியிருந்த 377-ஆம் பிரிவு 2018-இல் போனதையும், 2023-இல் திருமண உரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதையும் விளக்கினேன். 'அப்போ இன்னும் ரூம்மேட்தானா?' என்று கேட்டார் ரயில்வேக்காரர்.

இரவு வாழ்க்கை எல்லாம் வியாலே யூரோபா என்ற கடற்கரைச் சாலையில். மாமாமியாதான் அங்கே பெயர் பெற்ற இடம். திறந்தவெளியில் ஆட்டம், ஆண்கள் பெண் வேடமிட்டு மேடையேறும் ட்ராக் ஷோ, சத்தம். பதினோரு மணிக்குப் போனால் நாற்காலி அடுக்குகிறவர்களைத்தான் பார்ப்பீர்கள். நள்ளிரவுக்கு மேல்தான் களைகட்டும். ஷோவின் வேடிக்கைப் பேச்செல்லாம் இத்தாலியனில், அதுவும் வேகமாக. எனக்குப் பாதி புரியவில்லை, மீதிப் பாதிக்கு எல்லோரும் சிரித்ததால் சிரித்தேன். ஜூனில் வார நாட்களில் சாலை தூங்கி வழியும். கூத்து வேண்டும் என்றால் சனிக்கிழமை. அங்கேயும் விடுமுறை நாளான ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய நாட்களில் இத்தாலியே கடற்கரைக்கு வந்துவிடும். அறை விலை எகிறும், சைக்கிள்கூடக் கிடைக்காது. எனக்குக் கேட்டால் ஜூன் கடைசி அல்லது செப்டம்பர் முதல் வாரம்.

சாப்பாட்டில் சைவர்கள் கஷ்டப்பட மாட்டார்கள். செச்சீனா என்று ஒன்று இருக்கிறது. கடலை மாவைத் தண்ணீரிலும் எண்ணெயிலும் கரைத்துப் பெரிய தட்டில் ஊற்றி விறகடுப்பில் சுடுவது. மேலே மிளகுத்தூள். ஓரத்தில் முறுகிய துண்டைக் கேட்டு வாங்குங்கள், நம் வீட்டு அடையின் ஓரம் மாதிரி இருக்கும். கையளவு ரொட்டிக்குள் வைத்தும் தருவார்கள். மீன் சாப்பிடுகிறவர்கள் வியரெஜ்ஜோவில் சிப்பி போட்ட ஸ்பகெட்டி கேட்கலாம். இரவு ஏழரைக்கு முன் பெரும்பாலான சமையலறைகள் திறக்காது. பில்லில் 'கொபெர்த்தோ' என்று ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ இருக்கும். உட்கார்ந்ததற்கான காசு அது, சண்டை போட்டுப் பயனில்லை. காபியை நின்றுகொண்டு குடித்தால் விலை குறைவு.

ஊரின் இன்னொரு பக்கம் மஸ்ஸாச்சூக்கொலி ஏரி. ஓபரா இசையமைப்பாளர் புச்சீனி பல வருடங்கள் வாழ்ந்த வீடு ஏரிக்கரையில் இருக்கிறது. வாத்து வேட்டைப் பைத்தியமாக இருந்தவர். அந்த வீட்டுக்குள்ளேயே அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள். கோடையில் ஏரிக்கரைத் திறந்தவெளி அரங்கில் அவர் பெயரால் விழா நடக்கும். ஓபராவுக்கு வந்த பட்டுச் சேலை மாதிரிப் பளபளப்பான பெண்மணிகளும் ஆட்டத்துக்குப் போகிற ஜிகினா போட்ட பையன்களும் ஒரே ஐஸ்கிரீம் கடை வரிசையில் நிற்பதை வேறெங்கும் பார்க்க முடியாது. அரங்குக்குப் போனால் கொசு மருந்து கட்டாயம்.

மற்ற கரைகளைப் பற்றியும் கேட்பீர்கள். தெற்கே புக்லியாவில் கல்லிபோலி நல்ல போட்டியாளர். தண்ணீர் இதைவிடத் தெளிவு. வெளிப்படையாக கே என்று அறியப்பட்ட நிக்கி வெந்தோலா 2005 முதல் 2015 வரை முதல்வராக இருந்த மாநிலம் அது. ஆனால் ஆகஸ்டில் நெரிசல் தாங்காது, கார் இல்லாமல் அலைச்சல். ரோமில் தங்குகிறவர்களுக்கு அருகிலிருக்கும் கபோகொத்தா கடற்கரை ஒரு நாள் பயணமாகப் போதும். சிசிலியில் தவோர்மீனா கண்ணைப் பறிக்கும், பர்ஸையும். பலேர்மோவில் ஈழத்தமிழர்கள் நிறைய. சந்தையில் நம் மொழி காதில் விழும், கத்தரிக்காய் பேரம் பேசலாம். வீட்டில் இன்னும் சொல்லாதவர்கள், கைகோக்கும் முன் அக்கம்பக்கம் பார்த்துக்கொள்ளுங்கள். அத்ரியாத்திக் பக்கம் திரேமிதி தீவுகள் அழகு. அங்கே சான் தொமீனோவில் 1939-இல் முசோலினியின் ஆட்சி கத்தானியாவிலிருந்து தன்பாலீர்ப்பு ஆண்களைப் பிடித்துக் கொண்டுவந்து அடைத்துவைத்திருந்தது. இன்று அதே தீவுக்குச் சுற்றுலாப் படகு. போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போனால் நல்லது.

இந்தியாவிலிருந்து ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) எடுத்து வருகிறவர்களுக்கு: எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பம், பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு. இருவரும் தனித்தனியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். விடுதிப் பதிவில் மட்டும் இரண்டு பெயரும் இருக்கும்படி எழுதி வாங்குங்கள். ஒரே பெயரில் இருந்தால் மற்றவரிடம் தங்குமிடச் சான்று எங்கே என்று கேட்பார்கள்.

ஆட்டம் பாட்டம் வேண்டாம், அமைதி மட்டும் போதும் என்கிறவர்கள் வியாலே யூரோபாவில் அறை எடுக்காதீர்கள். விடிகாலை நாலு மணிவரை தூக்கம் வராது. ஏரிப் பக்கம் எடுங்கள். அங்கேயும் தவளைச் சத்தம் உண்டு, ஆனால் அதற்குத் தாளம் இருக்கிறது.