ஈசிஆரில் பிள்ளைகளோடு போகிறீர்களா? எங்கே நிறுத்துவது, எதை விட்டுவிடுவது

சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) வழியாகச் சுமார் 150 கிலோமீட்டர். பெரியவர்கள் மட்டும் கிளம்பினால் மூன்று, மூன்றரை மணி நேரத்தில் போய் இறங்கிவிடலாம். மூன்றரை வயதில் ஒருவனும் ஏழு வயதில் ஒருத்தியும் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தால் அதே சாலைக்கு ஒரு முழுநாள் ஆகும், ஆகவும் வேண்டும், ஏனென்றால் அந்த வழியில் பிள்ளைகளுக்குக் காட்ட அவ்வளவு இருக்கிறது. சிக்கலே அதுதான். எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்டிவிட வேண்டும் என்று இறங்கி இறங்கி ஏறினால் மதியத்துக்குள் சின்னது அழ ஆரம்பித்துவிடும், பெரியது "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்க ஆரம்பித்துவிடும். எங்கள் வீட்டு வழக்கம், காலையில் ஒரு இடம், வெயில் இறங்கியதும் ஒரு இடம், நடுவில் சாப்பாடும் காரில் தூக்கமும். இரண்டே இடம் என்று வைத்துக்கொண்டால் எது எதைவிட மேல் என்று பார்த்துத்தான் ஆக வேண்டும்.

நான் பார்ப்பது நிழல், சுத்தமான கழிப்பறை, கையை விட்டால் ஓடுவதற்கு இடம், அப்புறம் பார்க்க வேண்டிய பொருள் அவர்கள் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறதா என்பது. எவ்வளவு பெயர்பெற்ற இடமாக இருந்தாலும் இதில் இரண்டு இல்லையென்றால் சின்னப் பிள்ளைகளோடு அங்கே போகவேண்டாம் என்பேன்.

முதலைப் பண்ணையா, தட்சிணசித்ராவா?

காலை நேரத்துக்கு நிஜமான போட்டி இந்த இரண்டுக்கும்தான். தட்சிணசித்ரா முட்டுக்காட்டில் இருக்கிறது, முதலைப் பண்ணை அதைத் தாண்டி வடநெம்மேலியில். இரண்டும் சாலையை ஒட்டியே இருப்பதால் சுற்றிப் போகும் வேலை இல்லை.

முதலைப் பண்ணை 1976இல் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கியது. நம் ஊர்ச் சதுப்பு முதலைகளைப் பெருக்கிக் காப்பாற்றுவதற்காக ஆரம்பித்த இடம், இன்று பல நாட்டு முதலைகள் இருக்கின்றன. மரங்கள் அடர்ந்த வளாகம், கீழே மணல், அதனால் பதினொரு மணி வரைகூட நடக்க முடிகிறது. சின்னவர்களுக்கு ஒரு கஷ்டம் உண்டு. முதலை அசையாது. வாயைப் பிளந்தபடி ஒரே இடத்தில் கிடக்கும், "பொம்மையா அப்பா?" என்று கேட்பார்கள். உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்ள அப்படி வாயைத் திறந்து வைத்திருக்கிறது என்று சொன்னால் ஏழு வயதுக்காரிக்குப் போதும், அவள் நின்று பார்ப்பாள். மூன்றரை வயதுக்காரனுக்கு அது போதாது. அவன் ஓடுவது ஆமைகள் இருக்கும் பக்கம், ஏனென்றால் அவை மெதுவாகவாவது நகர்கின்றன. நீண்டு மெலிந்த மூக்கோடு இருக்கும் கரியலை இரண்டு பேருக்குமே பிடிக்கும். வளர்ந்த ஆண் கரியலின் மூக்கு நுனியில் சின்னச் சட்டி கவிழ்த்தது மாதிரி ஒரு புடைப்பு இருக்கும், அதைத் தேடச் சொல்லுங்கள், கால் மணி நேரம் அமைதியாகப் போகும்.

அங்கே தவறவிடக்கூடாதது, வளாகத்துக்குள்ளேயே இருக்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். 1978இல் தொடங்கியது. பாம்புத் தோல் வியாபாரத்துக்குத் தடை வந்தபிறகு பிழைப்பு போன இருளர்கள், பாம்பைப் பிடித்து, விஷத்தை எடுத்து, பாம்பை மறுபடி காட்டில் விடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் பாம்புக்கடி மருந்து தயாராகிறது. மண்பானையின் வாயைக் கட்டியிருக்கும் துணியை அவிழ்த்து, கொக்கியால் பாம்பை வெளியே எடுத்து, தலையைப் பிடித்துக் கண்ணாடிக் குவளையின் விளிம்பில் கடிக்கவைக்கிறார்கள். மஞ்சளாக நாலைந்து துளி இறங்கும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என நான்கையும் பெயர் சொல்லி விளக்குவார்கள். ஆறு வயதுக்கு மேல் உள்ள பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் இந்தச் சாலையில் கிடையாது என்பது என் எண்ணம். அதற்குக் கீழே உள்ளவர்களை மடியில் வைத்துக்கொண்டு பின்வரிசையில் உட்காருங்கள், பயந்தால் எழுந்து வந்துவிடலாம்.

தட்சிணசித்ரா வேறு மாதிரி. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரப் பகுதிகளில் இடிபட இருந்த பழைய வீடுகளைத் தூண் தூணாகக் கழற்றி எடுத்துவந்து திரும்பக் கட்டியிருக்கிறார்கள். 1996இல் திறந்தார்கள். "வீட்டைப் போய்ப் பார்க்கப் பிள்ளைகளையா கூட்டிப்போவது?" என்று கேட்பவர்கள் உண்டு. நான் கூட்டிப்போகச் சொல்வதற்குக் காரணம், பெரும்பாலும் உள்ளே போகலாம், திண்ணையில் ஏறலாம், முற்றத்தில் ஓடலாம். அடுக்குமாடிக் குடியிருப்பில் வளரும் பிள்ளைகளுக்குத் திண்ணை என்றால் படத்தில் பார்த்ததுதானே. செட்டிநாட்டு வீட்டின் முற்றத்தில் நின்று மேலே பார்த்தால் வானம் தெரிவதை என் மகன் நம்பவே இல்லை, மழை பெய்தால் வீட்டுக்குள் கொட்டுமா என்று அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அப்புறம் சக்கரத்தில் மண்பானை வனையும் இடம். சுற்றும் மண்ணில் பிள்ளைகள் கை வைத்துக்கொள்ளக் குயவர் விடுவார், கோணலாக ஒரு கிண்ணம் வரும். அங்கிருந்து கிளப்புவது பெரும்பாடு. இதுமாதிரி வேலைகளுக்குத் தனிக் கட்டணம், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். கழிப்பறை நன்றாக இருக்கிறது, உள்ளேயே சாப்பிடவும் முடியும்.

என் தீர்ப்பு: மூத்த பிள்ளை ஆறு வயதைத் தாண்டியிருந்தால் முதலைப் பண்ணை. எல்லோரும் ஐந்துக்குக் கீழே என்றால் தட்சிணசித்ரா, யோசிக்கவே வேண்டாம். தாத்தா பாட்டி கூட வந்தாலும் தட்சிணசித்ராதான். அவர்களுக்கு உட்காரத் திண்ணை இருக்கிறது, சொல்லக் கதையும் இருக்கிறது. இரண்டையும் ஒரே காலையில் அடக்கப் பார்க்காதீர்கள். கிளம்பும் கிழமையையும் பார்த்துக்கொள்ளுங்கள், திங்கள் முதலைப் பண்ணைக்கு விடுமுறை, செவ்வாய் தட்சிணசித்ராவுக்கு.

தண்ணீர்: முட்டுக்காடா, கோவளமா?

இதைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். முட்டுக்காடு படகுத்துறையில் லைஃப் ஜாக்கெட் மாட்டி உட்காரவைப்பார்கள், படகு கிளம்பியபின் அரை மணி நேரம் நன்றாகத்தான் போகும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நிற்கும் நேரம் படகில் போகும் நேரத்தைவிட அதிகம், காயலில் பத்து மணிக்கு மேல் வெயில் தண்ணீரில் பட்டு முகத்தில் அடிக்கும். சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குத் தரும் நீலக்கொடிச் சான்று கோவளத்துக் கடற்கரைக்கு 2021இல் கிடைத்தது. கழிப்பறை, குளித்து உடை மாற்ற இடம், உயிர்காப்பாளர்கள் எல்லாம் அந்தச் சான்றுக்கே தேவையானவை. மணலில் விளையாடிய பிள்ளையைக் கழுவிவிட நல்ல தண்ணீர் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று, மணலோடு பிள்ளையைக் காரில் ஏற்றிய எல்லோருக்கும் தெரியும். எனவே கோவளம். கடலில் இறக்குவது மட்டும் கணுக்கால் ஆழம்வரை, அதுவும் கையைப் பிடித்துக்கொண்டு. இந்தக் கரை முழுவதுமே அலை இழுக்கும், மாமல்லபுரத்தில் இன்னும் மோசம், அங்கே பிள்ளைகளைத் தண்ணீர்ப் பக்கமே விடாதீர்கள்.

மாமல்லபுரத்துக்குள் எது?

மாமல்லபுரம் வந்தால் எல்லோரும் முதலில் ஓடுவது கடற்கரைக் கோயிலுக்கு. பல்லவ மன்னன் ராஜசிம்மன் எட்டாம் நூற்றாண்டில் கட்டியது, அழகில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. ஆனால் வாசலிலிருந்து நீளமாக நடக்க வேண்டும், நிழல் இல்லை, சிற்பங்கள் உப்புக்காற்றில் தேய்ந்து போயிருப்பதால் சின்னப் பிள்ளை கண்ணில் எதுவும் தனியாகப் படாது. நாலரை மணிக்கு மேல், காற்று வீசும்போது, அந்தப் புல்வெளிக்காகப் போகலாம். பகலில் வேண்டாம்.

ஐந்து ரதம் அதைவிடப் பரவாயில்லை. நிஜ யானை அளவில் ஒரு கல்யானை நிற்கிறது, சிங்கம் நிற்கிறது. திரௌபதி ரதம் கூரைவீடு மாதிரியே இருப்பதால் "இது யார் வீடு?" என்று கேட்பார்கள், கதை சொல்ல நல்ல இடம். ஒரே சீட்டில் இரண்டு இடத்தையும் பார்க்கலாம், 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. மணல் சுடும், செருப்பைக் கழற்றவிடாதீர்கள்.

ஆனால் பிள்ளைகளுக்கு என்று ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் கைகாட்டுவது அர்ச்சுனன் தபசு. பாறை முழுக்க உருவங்கள், பெரியவர்கள் அண்ணாந்து பார்ப்பது தேவர்களை. பிள்ளைகளுக்கு வேண்டியது எல்லாம் கீழே, அவர்கள் உயரத்திலேயே இருக்கிறது. பெரிய யானையின் காலடியில் குட்டிகள் நிற்கின்றன. அதன் தந்தத்துக்குக் கீழே ஒரு பூனை, பின்னங்காலில் எழுந்து, முன்னங்கால் இரண்டையும் தலைக்கு மேலே தூக்கித் தவம் செய்கிறது, சுற்றிலும் எலிகள். எதிர்ப்பக்கம் ஒரு மான் பின்னங்காலால் மூக்கைச் சொறிந்துகொண்டிருக்கிறது. "பூனை எங்கே இருக்கு, கண்டுபிடி" என்று சொல்லிவிட்டு ஓரமாக நில்லுங்கள். கண்டுபிடித்ததும் அந்தப் பூனை மாதிரியே நின்று காட்டாத பிள்ளையை நான் பார்த்ததில்லை. ஒட்டினாற்போல் கிருஷ்ண மண்டபம், மேலே கல்கூரை இருப்பதால் நண்பகலிலும் குளிர்ச்சி. அங்கே ஒருவர் பால் கறக்கிறார், பசு கன்றை நக்கிக்கொடுக்கிறது. பால் பாக்கெட்டில் வருகிறது என்று நினைக்கும் பிள்ளைக்கு அதைக் கல்லில் காட்டிவிடலாம்.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் வெண்ணெய் உருண்டைப் பாறை. சுமார் 250 டன் என்பார்கள், சரிவில் உருண்டுவிடும் போல நிற்கும். பிள்ளைகள் அதைத் தள்ளிப் பார்ப்பார்கள், தள்ளட்டும். பக்கத்துப் பாறைச் சரிவில் சறுக்கி விளையாட ஆசைப்படுவார்கள், பலர் உட்கார்ந்து உட்கார்ந்து அது வழவழவென்று ஆகிவிட்டது, கீழே ஒரு பெரியவர் நிற்காமல் விடவேண்டாம். கலங்கரை விளக்கத்தில் ஏறுவதை இந்த வயதுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கூட்டமே வேண்டாம் என்பவர்களுக்கு, மாமல்லபுரம் வருவதற்கு ஐந்து கிலோமீட்டர் முன்பே சாளுவன்குப்பத்தில் புலிக்குகை இருக்கிறது. மரநிழல், புல்தரை, ஓடுவதற்கு இடம். வாயைப் பிளந்த யாளித் தலைகள் ஒரு வளையமாக இருக்கும், எண்ணச் சொன்னால் பதினொன்று வரவேண்டும். கட்டுச்சோறு கொண்டுபோகும் குடும்பம் என்றால் மதியப் பொழுதுக்கு மாமல்லபுரத்தைவிட இது எவ்வளவோ மேல், சாப்பாட்டை உள்ளே போகுமுன் வெளியே நிழலில் முடித்துக்கொள்ளலாம்.

அதற்குத் தெற்கே

கல்பாக்கம், பாலாற்றுப் பாலம் தாண்டியதும் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள், தூங்கட்டும். கடப்பாக்கத்தில் திரும்பினால் ஆலம்பரைக் கோட்டை. 1750 வாக்கில் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போய், 1760இல் ஆங்கிலேயர் இடித்த கோட்டை. இடிந்த செங்கல் சுவர், கழிமுகம், மீனவர் படகுகள் எல்லாம் படம் எடுக்க அருமை. நிழலும் இல்லை, நம்பிப் போகக் கழிப்பறையும் இல்லை, சுவர் மேல் ஏறும் வயதில் பிள்ளை இருந்தால் கண்ணை எடுக்க முடியாது. பத்து வயதுக்கு மேல் ஆனபின் போய்க்கொள்ளலாம், கோட்டை எங்கேயும் போய்விடாது.

அதற்குப் பதில் மரக்காணத்தில் ஐந்து நிமிடம் ஓரமாக நிறுத்துங்கள். சாலையிலிருந்தே உப்பளம் தெரியும். கோடைக்காலம் என்றால் பாத்தி பாத்தியாகத் தண்ணீர், வரப்பில் வெள்ளைக் குவியல்கள், நீளக் கழியால் உப்பை வாரிச் சேர்ப்பவர்கள். சாப்பாட்டில் போடும் உப்பு இங்கிருந்து வருகிறது என்று காட்ட ஒரு பைசா செலவில்லை. மழைக்காலத்தில் வெறும் தண்ணீர்தான், நிறுத்தாமல் போகலாம்.

ஆரோவிலில் இருக்கும் தியான மண்டபமான மாத்ரிமந்திர் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். பத்து வயதுக்கு உட்பட்டவர்களை உள் மண்டபத்துக்கு விடமாட்டார்கள். வெளியிலிருந்து பார்க்கும் இடத்துக்கு அனுமதிச்சீட்டு இலவசம், ஆனால் ஒரு கிலோமீட்டர் அளவுக்கு நடந்துபோய், தூரத்திலிருந்து தங்க உருண்டையைப் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் திரும்ப வேண்டும். அந்த இடத்தின் அமைதி மற்றவர்களுக்குத் தேவை, நம் பிள்ளைகளுக்குச் சத்தம் தேவை. பிள்ளைகள் வளர்ந்தபின் வாருங்கள்.

மாலைக்கு, நேரே புதுச்சேரிக் கடற்கரைச் சாலைக்குப் போய்விடுங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் வண்டிகளை விடமாட்டார்கள். காந்தி சிலையிலிருந்து இரண்டு பக்கமும் அகலமான தார்ச்சாலை பிள்ளைகள் ஓடுவதற்கென்றே காலியாக இருக்கும், நாளெல்லாம் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த கால்கள் அங்கேதான் நிமிரும். மாமல்லபுரத்தில் நின்று கடற்கரைக் கோயிலில் மாலையைக் கழிப்பதா, புதுச்சேரி வந்து இந்தச் சாலையில் கழிப்பதா என்றால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன், முதலாவது ஆறு மணிக்கே மூடிவிடும், அதன்பின் இருட்டில் இன்னும் 95 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும்.

ஈசிஆரை விட்டு ஜிஎஸ்டி சாலை (சென்னை-திருச்சி நெடுஞ்சாலை) வழியாகத் திண்டிவனம் போய்த் திரும்புகிறவர்கள் வண்டலூர் உயிரியல் பூங்காவைக் கேட்பார்கள். 600 ஹெக்டேருக்கு மேல், பேட்டரி கார் பிடிக்காமல் சின்னப் பிள்ளையோடு சுற்ற முடியாது, போனால் அன்றைய நாள் அதற்கே சரி. அதை வழியில் நிறுத்தும் இடமாக வைக்காமல் தனியாக ஒருநாள் போங்கள், செவ்வாய் தவிர. நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் அந்த வழியில் போனால் வேடந்தாங்கல் நல்ல மாற்று. ஏரிக்கரை மேல் ஒரே நேர்பாதை, மரநிழல், நீர்க்கடம்ப மரங்கள் வளையும் அளவுக்குக் கூடுகள். பார்வைக் கோபுரத்தில் சின்னவனைத் தூக்கிப் பிடிக்க ஒரு ஆள், பைனாகுலர் ஒன்று, காலை ஏழு மணி. இவ்வளவும் அமைந்தால் ஈசிஆரையே அந்த முறை விட்டுவிட்டு இந்த வழியில் போகச் சொல்வேன்.