ஹெம்ப் பூவா, சி.பி.டி எண்ணெயா?

திருகோணமலையில் இருந்து கனடாவுக்குப் பிள்ளைகளிடம் போகிறவர்கள் மூட்டுவலிக்கு, நித்திரைக்கு என்று இவற்றைக் கேள்விப்படுவார்கள். ஹெம்ப் என்பது போதை மிகக் குறைந்த கஞ்சாச் செடி வகை; சி.பி.டி அதில் இருக்கும், போதை தராத ஒரு பொருள். அங்கே இரண்டும் உரிமம் பெற்ற கடைகளில் சட்டப்படி கிடைக்கும். முதல்முறை என்றால் எண்ணெயே நல்லது, ஏனென்றால் அளவு கையில் இருக்கும். 30 மி.லீ. போத்தலில் 900 மி.கி. சி.பி.டி என்றால் 1 மி.லீ.க்கு 30 மி.கி.; 1 மி.லீ. துளிக்குழாயில் மூன்றில் ஒரு பங்கு 10 மி.கி. நாவின் கீழ் ஒரு நிமிடம் வைத்து விழுங்குங்கள். பலன் தெரிய அரை மணிக்கு மேலும் ஆகலாம். பொறுக்காமல் இன்னொரு தடவை எடுப்பதுதான் பலர் விடும் பிழை.

பூவைப் புகைத்தால் சில நிமிடங்களில் பிடிக்கும், ஆனால் நெஞ்சுக்குக் கூடாது. வெறும் சுடுநீரில் தேநீராக ஊற்றினால் பெரும்பாலும் வீண்: சி.பி.டி நீரில் கரையாது, பூவில் இருக்கும் அமில வடிவம் சி.பி.டியாக மாறக் கொதிநீரின் சூடு போதாது. ஈரம் பட்டால் பூஞ்சணமும் பிடிக்கும்.

வார்ஃபரின் போன்ற குருதி உறையாமைக்கான மருந்து எடுப்பவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் இரண்டையும் தொடவேண்டாம்.

திரும்பும்போது பெட்டியில் ஒரு துளியும் வைக்காதீர்கள். கனடா எல்லையைக் கடத்துவதே குற்றம். பூவோ மணத்திலும் தோற்றத்திலும் கஞ்சாவேதான், இலங்கையில் கஞ்சா தடை.