ஊக்கத்தொகையா, வீடு தேடி வரும் பணியாளரா: கர்ப்பிணிகளைப் பரிசோதனைக்கு அழைத்துவரும் இரு வழிகள்

கர்ப்பிணிகளை மகப்பேறு சேவைகளின்பால் ஈர்க்க இரண்டு வழிகள் பரவலாகக் கையாளப்படுகின்றன: வருபவர்களுக்குப் பணம் தருவது ஒன்று, பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடுகளிலும் பெண்கள் குழுக்களிலும் நேரில் பேசுவது மற்றொன்று. எத்தனை பேர் பதிவு செய்தார்கள் என்பதைவிட, எத்தனை பேர் இறுதிவரை தொடர்ந்து வந்தார்கள் என்பதை வைத்தே இவற்றை எடைபோட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2016-இல் பரிந்துரைத்த 8 கர்ப்பகாலப் பரிசோதனைச் சந்திப்புகளில் முதலாவது கர்ப்பத்தின் 12 வாரங்களுக்குள் நடக்க வேண்டும். ஐந்து சந்திப்புகள் கடைசி மூன்று மாதங்களில் அமைகின்றன. தாயின் உயிருக்கே ஆபத்தாகக்கூடிய கர்ப்பகால உயர் ரத்த அழுத்தம் 20 வாரங்களுக்குப் பிறகே தோன்றுவதால், இடையில் நின்றுவிடும் பெண்ணைப் பற்றித்தான் நாம் அதிகம் கவலைப்பட வேண்டும்.

பணத்தின் பயன் உடனே தெரியும். பயணச் செலவையும் இழந்த கூலியையும் அது ஓரளவு ஈடுசெய்கிறது. மருத்துவமனையில் பிரசவிப்போருக்குப் பணம் வழங்கும் திட்டத்தை இந்தியா 2005-இல் தொடங்கியபின் அங்கு மருத்துவமனைப் பிரசவங்கள் வேகமாகப் பெருகின. ஆனால் பணம் பிரசவத்தோடு மட்டும் இணைக்கப்படும்போது, ரத்தசோகையைக் கண்டறிந்து சரிசெய்ய வேண்டிய முந்தைய மாதங்களுக்கு அது எந்தத் தூண்டுதலும் தருவதில்லை.

பெண்கள் குழுக்களின் வலிமை வேறு வகையானது. நேபாளத்தின் மக்வான்பூர் மாவட்டத்தில், உள்ளூர்ப் பெண் ஒருவர் மாதந்தோறும் கூட்டிய குழுக்களில் பெண்களே தங்கள் சிக்கல்களைப் பேசித் தீர்வு தேடினார்கள். 2004-இல் வெளியான அந்த ஆய்வின்படி, குழுக்கள் இயங்கிய பகுதிகளில் பச்சிளங்குழந்தை இறப்பு சுமார் 30 சதவீதம் குறைவாக இருந்ததோடு, கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வந்தோரும் மற்ற பகுதிகளைவிட அதிகமாக இருந்தனர். பரிசோதனைக்குப் போகலாமா என்பதைப் பல வீடுகளில் கணவரோ மாமியாரோதான் முடிவு செய்கிறார்கள். கர்ப்பத்தைத் தொடக்கத்திலேயே வெளியில் சொல்லத் தயங்கும் பெண்களும் உண்டு. இந்தத் தடைகளைப் பணத்தால் நீக்க முடியாது, நம்பிக்கைக்குரிய ஒருவர் பொறுமையாகப் பேசினால்தான் அவை தளரும். இவ்வழி மெதுவானது என்பதும், வாகனமே இல்லாத இடத்தில் பேச்சு மட்டும் போதாது என்பதும் உண்மையே.

இரண்டில் ஒன்றுக்கே நிதி இருக்குமானால், நான் பணியாளரையே தேர்ந்தெடுப்பேன். கூடுதல் நிதி கிடைத்தால், அதைப் பிரசவத்துக்குப் பின் மொத்தமாகத் தராமல், ஒவ்வொரு சந்திப்பின்போதும் பயணச் செலவாக அந்தப் பெண்ணின் கையிலேயே தர வேண்டும். எந்த வழியைத் தேர்ந்தாலும், சுகாதார நிலையத்தில் அந்தப் பெண்ணை ஒருமுறை கடிந்து பேசிவிட்டால், அடுத்த மாதம் அவரைத் திரும்ப அழைத்துவருவது மிகவும் கடினம்.