ஜேடன், மேசன், நோவா, லியாம்: எந்தப் பெயர் தாக்குப்பிடிக்கும்?

அமெரிக்காவில் பிள்ளை பெறப்போகும் நம்மவர்கள், இரண்டு பக்கமும் செல்லுபடியாகும் பெயரைத் தேடும்போது அந்த நாட்டின் குழந்தைப் பெயர்ப் பட்டியலையும் ஒருமுறை புரட்டிவிடுகிறார்கள். அங்கே சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம் (அரசின் சமூகப் பாதுகாப்புத் துறை) 1880 முதலான பெயர்க் கணக்கை வைத்திருக்கிறது. புதிய பட்டியல் பெரும்பாலும் மே மாதம், அன்னையர் தினத்தை ஒட்டி வெளிவரும். எல்லோரும் பார்ப்பது முதலிடத்தை. நான் பார்க்கச் சொல்வது, ஒரு பெயர் எவ்வளவு வேகமாக மேலே வந்தது என்பதை.

முதலில் ஜேடன். இது 1994-இல்தான் முதல் ஆயிரத்துக்குள்ளேயே நுழைந்தது. 1998-இல் நடிகர் வில் ஸ்மித்தின் மகனுக்கும் (எழுத்துக்கூட்டல் கொஞ்சம் வேறு), 2006-இல் பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸின் மகனுக்கும் இந்தப் பெயர் அமைந்தது. 2010, 2011 இரண்டு ஆண்டும் நாடளவில் நான்காம் இடம். அதே காலத்தில் நியூயார்க் நகரில் முதலிடம். 2014-இல் முதல் பத்திலேயே இல்லை. ஏறியதைப் போலவே இறங்கியது.

ஜேடன் தனியாகவும் வரவில்லை. எய்டன், பிரேடன், கேடன், ஹேடன் என்று ஒரே ஓசையில் ஒரு பட்டாளமே வந்தது. நம் ஊரில் சுரேஷ், ரமேஷ், தினேஷ், மகேஷ் என்று ஒரு வரிசை இருந்ததே, அதேபோலத்தான். பெயரைக் கேட்டாலே வயதைச் சொல்லிவிடலாம். ஓசையை நம்பி வரும் பெயருக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு: சலிப்பு ஒரு பெயரோடு நிற்காது, குடும்பத்தையே பிடித்துக்கொள்ளும்.

இன்னொரு சிக்கல், அந்த அலுவலகம் ஒவ்வொரு எழுத்துக்கூட்டலையும் தனிப்பெயராகவே எண்ணுகிறது. தமிழில் ‘ஜேடன்’ என்று ஒரே மாதிரி எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் அதற்கு நாலைந்து வடிவம். அதனால் பட்டியலில் தெரிந்ததைவிட வகுப்பறையில் ஜேடன்கள் அதிகம். குடும்பப் பெயரின் முதல் எழுத்தைச் சேர்த்துக் கூப்பிட்டால்தான் எந்த ஜேடன் என்று புரியும்.

மேசன் கதை இன்னும் சுருக்கம். 2009-இல் 34-ஆம் இடம். அந்த ஆண்டு டிசம்பரில் டிவி ரியாலிட்டி ஷோவால் புகழ்பெற்ற கர்தாஷியன் குடும்பத்தில் ஒரு மேசன் பிறந்தான். அடுத்த ஆண்டு 12, அதற்கடுத்த ஆண்டு 2. குடும்பப் பெயராக இருந்து முதற்பெயரானது என்பதால் கொஞ்சம் கெட்டித்தனம் உண்டு. 2019 வரை முதல் பத்தில் தாக்குப்பிடித்தது, 2020-இல் வெளியேறியது. ஜேடனைவிட மேல் என்பேன், அவ்வளவுதான்.

நோவா வேறு ஜாதி. பைபிள் பெயர், 1880-களிலேயே பட்டியலில் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வெகுவாகக் கீழே போய், பிறகு ஆண்டாண்டாக மெல்ல ஏறி, 2009-இல் முதல் பத்துக்கு வந்தது. 2013 முதல் 2016 வரை முதலிடம். ஆச்சரியம் அதற்குப் பிறகுதான்: மகுடம் போன பிறகும் சரியவில்லை, 2017 முதல் 2024 வரை இரண்டாம் இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

அந்த மகுடத்தைப் பறித்தது லியாம். வில்லியம் என்ற பெயரின் ஐரிஷ் வடிவத்திலிருந்து வந்த சுருக்கம். அமெரிக்காவில் முதல் ஆயிரத்தில் நுழைந்ததே 1967-இல். 2011-இல் 15, அடுத்த ஆண்டு 6, அதற்கடுத்த ஆண்டு 2. 2017 முதல் 2024 வரை தொடர்ந்து முதலிடம். குட்டிப் பெயர், ஸ்பானிய மொழி பேசும் வீடுகளிலும் நாக்கு சுளுக்காது. ஆனாலும் அந்த வேகம் எனக்குக் கொஞ்சம் இடிக்கிறது. இங்கிலாந்தில் 1990-களில் நன்றாக ஓடி ஓய்ந்த பெயர் இது என்பதையும் மறக்க வேண்டாம்.

‘முதலிடத்துப் பெயரா, எல்லோருக்கும் இருக்குமே’ என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. மைக்கேல் 1954 முதல் 1998 வரை, டேவிட் முந்திய 1960 நீங்கலாக, முதலிடத்தில் இருந்தது. 1957-இல் பிறந்த நூறு பையன்களில் நாலு பேர் மைக்கேல். இன்றைய லியாம் நூற்றுக்கு ஒன்றுதான். பெற்றோர் தனித்துவம் தேடித் தேடி, முதலிடத்தின் எடையே குறைந்துவிட்டது. எனவே கூட்டத்துக்குப் பயந்து நோவாவை ஒதுக்குவதில் அர்த்தமில்லை.

இந்த நாலில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டுமென்றால் நான் நோவாவை எடுப்பேன். லியாமுக்கு இரண்டாம் இடம், அதுவும் 2035 வாக்கில் அது ‘பத்து வருஷத்துக்கு முந்தைய பெயர்’ போலத் தோன்றினால் பரவாயில்லை என்கிறவர்களுக்கு. மேசனைத் தாத்தா பெயர் அளவுக்குப் பழசாகட்டும் என்று விட்டுவிடலாம். ஜேடன் வேண்டாம், ‘ஜெயதேவன்’ என்று வைத்துச் செல்லமாக ஜேடன் என்று கூப்பிட நினைக்கும் வீடுகளுக்கு மட்டும் விலக்கு.