கும்பகோணத்தில் ஒரு சிறுநீரகவியல் மருத்துவமனை

இரவில் நான்கைந்து முறை எழுவதை வயதின் கோளாறு என்று 2 ஆண்டுகள் மறைத்துவந்த நான், குறுவை நடவு முடிந்த கையோடு, மனைவியின் வற்புறுத்தலால் இங்கே சென்றேன். வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கவைத்து, புனல் பொருத்திய கருவியில் சிறுநீர் கழிக்கச் சொல்லி, அதன் வேகத்தை வரைபடமாக எடுத்தார்கள். ஸ்கேனும், புராஸ்டேட் சுரப்பியில் உருவாகும் ஒரு புரதத்தின் அளவைப் பார்க்கும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனையும் தொடர்ந்தன. 50 வயதைக் கடந்த ஆண்கள் பலருக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் இந்தப் புராஸ்டேட் சுரப்பி பெருத்துச் சிறுநீர்ப் பாதையை நெருக்கும் என்பதையும், பிஎஸ்ஏ உயர்ந்தாலே புற்றுநோய் என்று பொருளில்லை என்பதையும் மருத்துவர் மருந்துச்சீட்டின் பின்புறத்தில் படம் வரைந்து பொறுமையாக விளக்கினார். கட்டணமும் நியாயமே. ஆனால், வரவேற்பில் அத்தனை பேர் முன்னிலையில் “என்ன தொந்தரவு?” என்று உரக்கக் கேட்பதை மாற்றிக்கொள்ள வேண்டும், எனக்கு முன்னால் நின்ற பெரியவர், பாவம், “முதுகுவலி” என்று சொல்லிவிட்டார்.