ஃபுட்பால் மேனேஜர் 2024: தரமிறக்க பயத்தோடு ஒரு ஜனவரி

கால்பந்துக் கிளப்பை நிர்வகிக்கும் அனுபவத்தைக் கணினியில் தரும் விளையாட்டுகளில் 'ஃபுட்பால் மேனேஜர்' தொடருக்கு இணையான ஒன்றை நான் பார்த்ததில்லை. லண்டனின் ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ் நிறுவனம் உருவாக்கி, சேகா நிறுவனம் வெளியிட்ட இதன் 2024 பதிப்பு 2023 நவம்பர் 6 அன்று வந்தது. அடுத்த பதிப்பு 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டதால், ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ரசிகர்கள் இந்தப் பதிப்பையே விளையாட வேண்டியிருந்தது. ஆகவே இதை அவசரமின்றி, ஆழமாக மதிப்பிட முடிகிறது. கோப்பை வெல்லும் பெரிய அணியை எடுத்து ஆடினால் இந்த விளையாட்டின் பாதியைத்தான் பார்க்க முடியும் என்பது என் உறுதியான கருத்து. அட்டவணையின் அடியில் கிடக்கும் ஒரு கிளப், கையில் பணமில்லாமல், ஜனவரி மாத டிரான்ஸ்ஃபர் விண்டோவை (வீரர்களை வாங்கவும் விற்கவும் அனுமதிக்கப்படும் காலத்தை) எப்படிக் கடக்கிறது என்பதில்தான் இதன் தரம் தெரிகிறது. இந்த மதிப்புரை அந்த ஒரு கோணத்தில் எழுதப்படுகிறது.

இந்தியன் சூப்பர் லீக்கைப் பார்த்து வளர்ந்த நம்மூர் ரசிகர்களுக்குத் தரமிறக்கம் என்ற பயம் பழக்கமில்லாதது. சென்னையின் எஃப்.சி. கடைசி இடத்தில் முடித்தாலும் அடுத்த ஆண்டு அதே லீக்கில்தான் ஆடியது. இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் நிலைமை வேறு. அங்கே 20 கிளப்களில் கடைசி மூன்றும் ஆண்டுதோறும் சாம்பியன்ஷிப் எனப்படும் இரண்டாம் நிலை லீக்குக்குப் போய்விடும். தொலைக்காட்சி உரிமைத் தொகையில் கடைசி இடத்துக்குக்கூட 10 கோடி பவுண்டுக்கு மேல் தரும் லீக்கிலிருந்து, அதில் சிறு பங்கே கிடைக்கும் லீக்குக்கு விழுவதென்றால், வீரர்களின் சம்பளம் முதல் அலுவலக ஊழியர்களின் வேலை வரை எல்லாமே ஆட்டம் காணும். ஆகஸ்டில் தொடங்கும் சீசனின் நடுவே அணியைத் திருத்திக்கொள்ள ஜனவரி ஒன்றுதான் வாய்ப்பு. அந்த வாய்ப்பும் மாதக் கடைசியிலோ பிப்ரவரித் தொடக்கத்திலோ மூடிவிடும்.

அந்த வாய்ப்பு எவ்வளவு நம்பகமற்றது என்பதற்கு 2023 ஜனவரி போதுமான சாட்சி. சவுத்தாம்டன் கிளப் தன் வரலாற்றிலேயே பெரிய தொகை கொடுத்து ரென் அணியிலிருந்து கமால்தீன் சுலேமானாவை வாங்கியது. கெங்க் அணியிலிருந்து பால் ஒனுவாச்சு வந்தார், அந்த சீசனின் லீக் ஆட்டங்களில் அவர் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. அணி 25 புள்ளிகளோடு கடைசி இடத்தில் முடிந்தது. லீட்ஸ் யுனைடெட் தன் பங்குக்கு ஜார்ஜினியோ ரட்டருக்காகச் சாதனைத் தொகையைச் செலவிட்டு, 31 புள்ளிகளோடு கீழே போனது. அதே மாதம் எவர்டன், மேலாளர் ஃபிராங்க் லாம்பார்டை நீக்கி ஷான் டைச்சைக் கொண்டுவந்தது; அந்தோணி கார்டனை நியூகாசிலுக்கு விற்றது; ஒரு வீரரைக்கூட வாங்கவில்லை. ஆனால் கடைசி நாளில் போர்ன்மவுத்துக்கு எதிராக அப்துலாயே டூகுரே அடித்த ஒரே கோலால் 17-ஆம் இடத்தில் தப்பித்தது. அந்த போர்ன்மவுத்தோ ஜனவரியில் டாங்கோ வட்டாரா, அன்டுவான் செமென்யோ, இலியா சபார்னி என நிறைய வாங்கியும் சேதமின்றி 15-ஆம் இடத்தில் நின்றது. செலவுக்கும் விளைவுக்கும் நேர்க்கோடு போட முடியாத இந்தக் குழப்பத்தை ஒரு கணினி விளையாட்டு நேர்மையாகக் காட்டுகிறதா என்பதே என் கேள்வி. பெருமளவு காட்டுகிறது.

சோதனைக்கு நான் எடுத்துக்கொண்டது லூட்டன் டவுன். 2023-24 சீசனில் பிரீமியர் லீக்குக்கு முதன்முறையாக வந்த கிளப் அது. அதன் கெனில்வொர்த் ரோடு மைதானம் அந்த லீக் கண்ட மிகச் சிறிய மைதானங்களில் ஒன்று. உண்மையில் அந்த சீசனில் அவர்கள் 52 கோல் அடித்தார்கள், 85 வாங்கினார்கள், 26 புள்ளிகளோடு 18-ஆம் இடத்தில் விழுந்தார்கள். கோல் அடிப்பதில் பெரிய குறையில்லை, தடுப்பாட்டம்தான் காப்பாற்றவில்லை என்பதை அந்த எண்களே சொல்லும். டிசம்பரில் ஆட்டத்தின் நடுவே இதயத் துடிப்பு நின்று சரிந்த அணித் தலைவர் டாம் லாக்கியர் உயிர் பிழைத்தது பெரிய ஆறுதல். ஆனால் அணியின் பின்வரிசை அவரை இழந்தது. ஜனவரி இறுதியில் தடுப்பு வீரர் டைகி ஹாஷியோகாவை வாங்கியதைத் தவிர அவர்கள் பெரிதாகச் செலவு செய்யவில்லை. அந்த மாதக் கடைசியில் எலைஜா அடெபாயோவின் மூன்று கோல்களோடு பிரைட்டனை 4-0 என்று வீழ்த்தியபோது, இந்த அணி தப்பித்துவிடும் என்று நினைத்தவர்கள் பலர்.

விளையாட்டில் லூட்டனைக் கையில் எடுத்தவுடன் தெரிவது, நாம் விரும்பும் வீரர்களில் பலர் நம்மை விரும்புவதில்லை என்பது. கிளப்பின் மதிப்பும் அட்டவணையில் அது இருக்கும் இடமும் ஒவ்வொரு பேச்சுவார்த்தையிலும் கூடவே வருகின்றன. நடு சீசனில் தன் முக்கியத் தடுப்பாளரை விற்க எந்தக் கிளப்பும் எளிதில் சம்மதிப்பதில்லை. சம்மதித்தால் கேட்கும் விலை நம் கணக்கைத் தாண்டி நிற்கிறது. ஐரோப்பாவுக்கு வெளியே கண்டெடுத்த நல்ல வீரருக்குப் பிரிட்டனின் வேலை அனுமதிப் புள்ளிகள் போதவில்லை. பிரீமியர் லீக் விதிப்படி உள்நாட்டுக் கிளப்களிலிருந்து ஒரே நேரத்தில் இரண்டு பேரைத்தான் லோனில், அதாவது தற்காலிக இரவலில், வைத்திருக்க முடியும் என்பதால், ஆகஸ்டில் அவசரப்பட்டு நிரப்பிய இடம் ஜனவரியில் கழுத்தை நெரிக்கிறது. பட்டியல் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் மிஞ்சுபவர்கள் வயதானவர்கள், காயத்திலிருந்து மீள்பவர்கள், பெரிய கிளப்பின் பெஞ்சில் உட்கார்ந்து பழகிய இளைஞர்கள். சிறிய கிளப்பின் ஜனவரி நிஜத்திலும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

இந்தப் பதிப்பின் உண்மையான பலம் ஒப்பந்தத் திரையில் இருக்கிறது. ஒரு நடு தடுப்பாளரின் முகவரோடு பேச உட்காருகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரச் சம்பளம், கையொப்பத் தொகை, ஆடும் ஆட்டத்துக்கு இவ்வளவு என்ற படிகள் ஒவ்வொன்றாக வரிசையில் நிற்கின்றன. கீழே இரண்டு வரிகள்: கிளப் தரமிறங்கினால் சம்பளம் இத்தனை சதவீதம் குறையும் என்பது ஒன்று, தரமிறங்கினால் இன்ன தொகை கொடுக்கும் எந்தக் கிளப்புக்கும் இவரை விட்டுவிட வேண்டும் என்பது மற்றொன்று. முதல் வரி நமக்கு வேண்டும், இரண்டாவது முகவருக்கு வேண்டும். சம்பளக் குறைப்பை நாம் பூட்டுக் குறியைச் சொடுக்கி உறுதிப்படுத்தினால், அவர் விடுவிப்புத் தொகையை இறுக்கிப் பிடிக்கிறார். அதையும் மறுத்தால் சம்பளம் மேலே ஏறுகிறது. இன்னும் இழுத்தால் முகவர் எழுந்து போய்விடுகிறார். பரிமாற்றத் தொகை எவ்வளவு என்பதைத்தான் செய்திகள் பேசுகின்றன. ஆனால் ஒரு கிளப் விழுந்த பிறகு எழுமா, புதையுமா என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் இந்த இரண்டு வரிகள்தாம். இதை இவ்வளவு தெளிவாக விளக்கிய வேறு எதையும் நான் படித்ததுமில்லை, பார்த்ததுமில்லை.

என் ஆட்டத்தில் லூட்டன் தரமிறங்கியது. அந்த ஜூன் மாதம்தான் இந்த விளையாட்டின் மீது எனக்கு முழு மதிப்பு வந்தது. சம்பளக் குறைப்பு எழுதப்பட்ட ஒப்பந்தங்கள் தாமாகவே சுருங்கின; எழுதப்படாதவை பிரீமியர் லீக் சம்பளத்தோடு அப்படியே நின்றன. விடுவிப்புத் தொகை வைத்திருந்த இருவரை மற்ற கிளப்கள் நம் அனுமதி கேட்காமலேயே கூட்டிப்போயின. தரமிறங்கிய கிளப்களுக்குத் தரப்படும் பாராசூட் தொகை வந்தது. நடைமுறையில் மூன்று ஆண்டுகள் கிடைக்கும் அந்தத் தொகை, ஒரே சீசனில் விழுந்த கிளப்புக்கு இரண்டு ஆண்டுகள்தாம். நிஜ லூட்டன் அந்தத் தொகையைப் பெற்றும் 2024-25 சீசனில் சாம்பியன்ஷிப்பிலிருந்தும் விழுந்து மூன்றாம் நிலை லீக்குக்குப் போனது. அதை நினைத்துப் பார்க்கும்போது, ஒரு ஜனவரியில் எழுதும் ஒப்பந்தம் எத்தனை தூரம் நிழல் விழச் செய்கிறது என்பது புரிகிறது.

இந்தப் பதிப்பில் புதிதாக வந்த இடைத்தரகர் வசதியையும் சொல்ல வேண்டும். நமக்குத் தேவையில்லாத வீரரை வேறு கிளப்களிடம் பேசி விற்றுத்தர ஒருவரை அமர்த்தலாம், கூலியும் உண்டு. வீழும் அணிக்கு வாங்குவதைவிட விற்பதுதான் கடினம் என்பதை உணர்ந்து செய்த ஏற்பாடு இது. கடைசி நாள் மணிக்கணக்கில் நகரும் விதமும் நன்று. கார்னர், ஃப்ரீ கிக் போன்ற செட்பீஸ் வாய்ப்புகளுக்கான பயிற்சித் திரை புதுப்பிக்கப்பட்டிருப்பது பணமில்லாத அணிக்குப் பெரிய வரம், ஏனெனில் கார்னரிலிருந்து வரும் கோலுக்கு விலை இல்லை.

குறைகளும் உண்டு, அவற்றில் ஒன்று அடிப்படையானது. ஒரு வீரரின் திறன்கள் இங்கே 1 முதல் 20 வரையான எண்களாகத் தெரிகின்றன. ஸ்கவுட் (வீரர்களைத் தேடிப் பார்த்து மதிப்பிடுபவர்) தரும் அறிக்கை வரும் வரை அவை மங்கலாக இருக்கும் என்பதும், நிலைத்தன்மை, முக்கிய ஆட்டங்களில் காட்டும் உறுதி போன்றவை மறைக்கப்பட்டிருக்கும் என்பதும் உண்மைதான். இருந்தாலும் அறிக்கை வந்தபின் கிடைக்கும் தெளிவு வீரர்களை வாங்கும் பொறுப்பிலுள்ள எந்த நிஜக் கிளப் இயக்குநருக்கும் கிடைக்காதது. ஒனுவாச்சு கெங்க் அணிக்காக அடித்த கோல்களைப் பார்த்தவர்களுக்கு அவர் இங்கிலாந்தில் திணறுவார் என்று சொல்ல ஓர் எண் இருக்கவில்லை. புதிய நாடு, புதிய மொழி, பிப்ரவரி மழை, நம்பிக்கை இழந்த சக வீரர்கள் ஆகியவை சேர்ந்து ஒரு நல்ல வீரரை எப்படிக் கரைக்கின்றன என்பதை விளையாட்டு ஓரளவு தொடுகிறது, ஆழமாகத் தொடவில்லை. எனவே இங்கே ஜனவரி, நிஜத்தைவிடத் தீர்க்கக்கூடிய கணக்காகத் தோன்றுகிறது.

இன்னொரு இடைவெளி மைதானத்துக்கு வெளியே நடப்பது. இந்தப் பதிப்பு வெளியான பதினோராவது நாளில், 2023 நவம்பர் 17 அன்று, நிதி விதிகளை மீறியதற்காக எவர்டனுக்கு 10 புள்ளிகள் குறைக்கப்பட்டன. மேல்முறையீட்டில் அது 6 ஆனது. ஏப்ரலில் மேலும் 2 புள்ளிகள் பறிக்கப்பட்டன. நாட்டிங்காம் ஃபாரஸ்ட் 4 புள்ளிகளை இழந்தது. தரமிறக்கப் போட்டியை ஆடுகளத்துக்கு இணையாக வழக்கறிஞர்களும் கணக்காளர்களும் தீர்மானித்த சீசன் அது. விளையாட்டு வந்த நாளில் அந்தப் பதற்றம் அதற்குள் இல்லை, இருக்கவும் முடியாது. ஆனால் லாப நட்ட விதியைக் கையாளும் திரை இன்னும் விரிவாக இருந்திருந்தால், வாங்கும் ஒவ்வொரு முடிவுக்கும் கூடுதல் கனம் வந்திருக்கும்.

கெனில்வொர்த் ரோட்டையும் சொல்லாமல் விட முடியாது. ஓக் ரோடு பக்கத்தில் வரிசை வீடுகளுக்கு நடுவே இருக்கும் நுழைவாயில் வழியாகத்தான் வெளியூர் ரசிகர்கள் உள்ளே போகிறார்கள். படிகளில் ஏறும்போது குடியிருப்பவர்களின் கொல்லைப்புறம் கண்ணில் படும். அப்படி ஊரோடு ஒட்டிக் கிடக்கும் மைதானம், விளையாட்டின் முப்பரிமாணக் காட்சியில் ஏதோ ஒரு சிறிய மைதானமாகிவிடுகிறது. ஓர் ஊர் தன் கிளப் விழுமோ என்று வாரம் முழுவதும் பயந்துகொண்டிருப்பதை, பத்திரிகையாளர் கேள்விகளும் ரசிகர் கருத்துப் பெட்டியும் மட்டும் சுமந்துவிட முடியாது. பத்திரிகையாளர் சந்திப்பு சீக்கிரமே சலித்துவிடுகிறது. அதை உதவியாளரிடம் ஒப்படைத்துவிடுவது நல்லது.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். தமிழில் இந்த விளையாட்டு இல்லை. ஆங்கிலத்தில் நிறையப் படிக்க வேண்டியிருக்கும். சாதாரண மடிக்கணினியே பெரும்பாலும் போதும், ஆனால் பல நாடுகளின் லீக்குகளைச் சேர்த்து ஏற்றினால் நாட்கள் நகர்வது மந்தமாகும். இந்தியன் சூப்பர் லீக்கும் ஐ-லீக்கும் இதில் உண்டு என்பதால், சென்னையின் எஃப்.சி.யில் தொடங்கிப் பழகிக்கொள்ளலாம். கைபேசிப் பதிப்பு நெட்ஃபிளிக்ஸ் சந்தாதாரர்களுக்குக் கிடைத்தது. ஆனால் அது சுருக்கப்பட்டது, நான் மேலே விவரித்த ஒப்பந்தத் திரையின் நுணுக்கத்துக்காக வாங்குபவர்கள் கணினிப் பதிப்பையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

பிரீமியர் லீக்கை வார இறுதிகளில் பார்த்துவிட்டு, அடியில் கிடக்கும் அணி ஏன் நல்ல வீரரை வாங்கவில்லை என்று கேட்பவர் யாராக இருந்தாலும் அவருக்கு இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். முதல் ஆட்டத்துக்கே லூட்டன், ஷெஃபீல்ட் யுனைடெட், பர்ன்லி ஆகிய மூன்றில் ஒன்றை எடுங்கள். 2023-24 சீசனில் மேலே வந்து அதே ஆண்டே கீழே போனவை இந்த மூன்றும். ஜூலையில் வாங்கும்போதே, லோன் இடங்களில் ஒன்றைக் காலியாக விடுங்கள். கையெழுத்திடும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் தரமிறக்கச் சம்பளக் குறைப்பைக் கேளுங்கள், விடுவிப்புத் தொகையை முடிந்தவரை உயரத்தில் வையுங்கள். தடுப்பாளர்களுக்கான ஸ்கவுட் பட்டியலை நவம்பரிலேயே தயாராக வைத்திருங்கள்.