கிராஃபிக்ஸ் கார்டு பவர் செட்டிங்: எதை மாற்றலாம், எதை அப்படியே விடலாம்

புதிதாக கிராஃபிக்ஸ் கார்டு வாங்கி மாட்டியதும் பலர் செய்கிற முதல் வேலை, என்விடியா கன்ட்ரோல் பேனலைத் திறந்து 'பவர் மேனேஜ்மென்ட் மோட்' என்ற இடத்தில் 'பிரிஃபர் மேக்சிமம் பெர்ஃபார்மன்ஸ்' என்று வைப்பது. நானும் அப்படித்தான் வைத்தேன். ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ, காசு சேர்த்து வாங்கிய கார்டு, அதன் முழு பலமும் கிடைக்கட்டும் என்று நினைத்தேன். ஆனால் அந்த செட்டிங் கார்டுக்குப் புதிதாக எந்த பலத்தையும் கொடுப்பதில்லை. கார்டு சும்மா இருக்கும்போது தூங்க விடாமல் செய்கிறது, அவ்வளவுதான்.

'நார்மல்' என்று விட்டால், டெஸ்க்டாப்பில் இருக்கும்போது என் கார்டின் கோர் (கணக்குப் போடும் பகுதி) வேகம் 210 மெகாஹெர்ட்ஸ், மெமரி வேகம் 405 மெகாஹெர்ட்ஸ் என்று இறங்கிவிடும். சூடு குறைந்ததும் ஃபேன் மொத்தமாக நின்றுவிடும். (கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரின் பழைய பதிப்புகளில் 'அடாப்டிவ்', 'ஆப்டிமல் பவர்' என்று இரண்டு தனித்தனியாக இருந்தன. இப்போது அவற்றின் இடத்தில் இருப்பதுதான் 'நார்மல்'.) 'மேக்சிமம்' என்று எல்லாவற்றுக்கும் பொதுவாக வைத்த பிறகு, பிரவுசரில் ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போதுகூட கடிகார வேகம் இறங்கவே இல்லை. பத்து பதினைந்து வாட் இழுத்த கார்டு 35 வாட்டைத் தாண்டியது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஃபேன் 'விர்ர்' என்று கிளம்பும், அரை நிமிடம் சுற்றும், நிற்கும், மறுபடி கிளம்பும். ராத்திரி அமைதியில் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் எனக்கு விஷயமே புரிந்தது. ஒரு நாளைக்கு பத்து மணி நேரம் கணினி ஓடினால், கூடுதலாகப் போகும் 25 வாட் இரண்டு மாத பில்லில் 15 யூனிட்டாக வந்து நிற்கும். கேம் விளையாடாத நேரத்துக்கு!

சரி, விளையாடும்போதாவது பயன் உண்டா? கனமான கேம் என்றால் இல்லை. கார்டு ஏற்கெனவே 98 சதவீத வேலையில் மூச்சு முட்ட ஓடிக்கொண்டிருக்கும், அதன் உச்ச வேகத்தில்தான் இருக்கும், இரண்டு மோடிலும் ஒரே எஃப்பிஎஸ்தான் (ஒரு நொடிக்கு வரையும் படங்களின், அதாவது ஃபிரேம்களின் எண்ணிக்கை). வித்தியாசம் தெரிவது எதிர்ப்பக்கத்தில், அதாவது லேசான கேம்களில். பழைய ஷூட்டர், எமுலேட்டர் (பழைய கேம் மெஷின்களைப் போல நடிக்கும் மென்பொருள்) மாதிரியானவற்றில் கார்டு ஒரு ஃபிரேமை இரண்டு மூன்று மில்லி செகண்டில் வரைந்துவிட்டு மீதி நேரம் காத்திருக்கும். டிரைவர் 'வேலை இல்லை போல' என்று வேகத்தைக் குறைத்துவிடும், திடீரென்று திரையில் நாலு வெடிப்பு வந்தால் மறுபடி ஏறுவதற்குள் ஒரு குலுங்கல். அந்தக் குலுங்கலுக்கு இது நல்ல மருந்து. அதற்கும் 'புரோகிராம் செட்டிங்ஸ்' பக்கத்தில் அந்த ஒரு கேமை மட்டும் சேர்த்து வைத்தால் போதும், பொது செட்டிங்கைத் தொடவே வேண்டாம்.

உண்மையில் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டியவை வேறு மூன்று: பவர் லிமிட் (கார்டு இழுக்கும் வாட்டுக்கு உச்ச வரம்பு), அண்டர்வோல்ட் (சிப்புக்குப் போகும் வோல்டேஜைக் குறைப்பது), ஃபிரேம் கேப் (எஃப்பிஎஸ்ஸுக்கு உச்ச வரம்பு).

பவர் லிமிட்தான் மூன்றிலும் சுலபம். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் ஒரு ஸ்லைடரை இழுத்தால் முடிந்தது. 3060 டிஐயின் அளவு 200 வாட், 75 சதவீதம் என்று வைத்தால் 150 வாட்டுக்கு மேல் கார்டு போகாது. வேகம் கால்வாசி குறைந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். கடைசி நூறு மெகாஹெர்ட்ஸுக்குத்தான் கார்டு அநியாயத்துக்குக் கரண்டு தின்கிறது, அதை விட்டுக்கொடுத்தால் எஃப்பிஎஸ்ஸில் விழும் அடி வாட்டில் கிடைக்கும் லாபத்தைவிடச் சின்னது. எனக்கு இதன் அருமை தெரிந்தது யூபிஎஸ்ஸால். 600 விஏ யூபிஎஸ், அதாவது 360 வாட்தான் தாங்கும். கேமில் பெரிய காட்சி வந்தாலே கீச்சு கீச்சென்று கத்தும். பவர் லிமிட் வைத்த அன்றிலிருந்து கத்தவில்லை. கேம் கிராஷ் ஆகுமோ என்ற கவலையும் இதில் கிடையாது, ஏனென்றால் தொழிற்சாலையில் போட்டுக் கொடுத்த வோல்டேஜ் கணக்கிலேயே கார்டு கொஞ்சம் கீழே இறங்கி நிற்கிறது. குறை ஒன்று உண்டு. காட்சிக்குக் காட்சி கார்டு அந்த 150 வாட்டில் இடித்துக்கொண்டே இருப்பதால் கோர் வேகம் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்.

அண்டர்வோல்ட் அந்தக் கணக்கையே மாற்றுகிறது. இதுதான் எனக்குப் பிடித்தது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சிப் தின்னும் மின்சாரம் வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறும், வேகத்தோடு நேராக ஏறும். அதனால் வேகத்தை அப்படியே வைத்துக்கொண்டு 1050 மில்லிவோல்ட்டை 900 ஆக்கினால், வோல்டேஜோடு ஏறும் அந்தப் பங்கு மட்டும் ஏறத்தாழ 26 சதவீதம் குறைகிறது. எஃப்பிஎஸ் போகாமலே! இது எப்படி முடிகிறது என்றால், ஒரே மாடலில் வருகிற எல்லா சிப்பும் ஒரே தரத்தில் இருக்காது, மோசமான சிப்பும் ஓட வேண்டும் என்பதற்காகக் கம்பெனி எல்லாவற்றுக்கும் தாராளமாக வோல்டேஜ் போட்டு அனுப்புகிறது. நம் கையில் வந்த சிப்புக்கு அவ்வளவு தேவைப்படாமல் இருக்கலாம்.

செய்கிற விதம் இப்படி. முதலில் ஆஃப்டர்பர்னரில் கோர் கிளாக் ஸ்லைடரை மைனஸ் 290 வரை இழுத்து அப்ளை கொடுங்கள். கன்ட்ரோலும் எஃப்பும் சேர்த்து அழுத்தினால் வளைகோடு ஒன்று திறக்கும், கீழே மில்லிவோல்ட், பக்கத்தில் மெகாஹெர்ட்ஸ், கோடு முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளிகள். 900க்கு நேரே இருக்கும் புள்ளியைப் பிடித்து 1800 வரை தூக்கிவிட்டு அப்ளை கொடுத்தால், அதற்கு வலப்பக்கம் இருக்கும் கோடு மேசை மாதிரி சமமாகிவிடும். அதற்கு மேல் வோல்டேஜ் போகாது. என் கார்டு 1800-இல் நின்றது. உங்களுடையது 1750-இல் நிற்கலாம், 1850-ஐயும் தாங்கலாம். கேம் பாதியில் மூடிக்கொண்டால், திரை ஒரு நொடி கறுத்துத் திரும்பினால், 15 மெகாஹெர்ட்ஸ் இறக்கிப் பாருங்கள். பெஞ்ச்மார்க் (வேகத்தைச் சோதிக்கும் மென்பொருள்) பத்து நிமிடம் ஓடிவிட்டது என்று நம்பிவிடாதீர்கள், ரே டிரேசிங் (ஒளியின் பாதையைக் கணக்கிட்டு வரைவது) உள்ள கேமை இரண்டு மணி நேரம் விளையாடினால்தான் குட்டு வெளிப்படும். பவர் லிமிட்டில் இல்லாத தலைவலி இது, பொறுமை இல்லாதவர்களுக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

ஃபிரேம் கேப்புக்கு இந்த ஆபத்து எதுவும் இல்லை. 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 240 ஃபிரேம் வரைந்தால் மீதி 96 ஃபிரேம் கண்ணுக்கு முழுசாக வந்து சேர்வதே இல்லை, அதற்கான சூடு மட்டும் அறைக்குள் வருகிறது. 2020 ஜனவரி டிரைவரிலிருந்தே 'மேக்ஸ் ஃபிரேம் ரேட்' என்ற வசதி கன்ட்ரோல் பேனலுக்குள்ளேயே இருக்கிறது. ஜி-சிங்க் (மானிட்டரின் வேகத்தைக் கார்டின் வேகத்தோடு ஒத்துப்போக வைக்கும் வசதி) இருந்தால் 141 என்று வையுங்கள். கேம் மெனுவில்தான் இது ரொம்ப முக்கியம். வரைய ஒன்றுமே இல்லாத மெனுவில் கார்டு நூற்றுக்கணக்கில் ஃபிரேம்களைக் கொட்டும். 2021 ஜூலையில் அமேசானின் 'நியூ வேர்ல்ட்' பீட்டா ஓடியபோது சில 3090 கார்டுகள் செத்துப்போனது நினைவிருக்கலாம். கோளாறு அந்தக் கார்டுகளின் தயாரிப்பில் இருந்தது, ஆனாலும் அமேசான் உடனே செய்தது மெனுவுக்கு ஃபிரேம் கேப் போட்டதுதான். ஒரே விதிவிலக்கு: போட்டியாக ஷூட்டர் விளையாடுபவர்களுக்கு, கேப் இல்லாமல் விட்டால் மவுஸ் அசைவு திரைக்கு வர ஆகும் தாமதம் கொஞ்சம் குறையும். அந்த ஒரு கேமுக்கு மட்டும் கேப்பை எடுத்துவிடலாம்.

அப்போ மூன்றில் எது? கேப்பும் அண்டர்வோல்ட்டும் ஒன்றுக்கொன்று போட்டியே இல்லை. கேப் எட்டக்கூடிய லேசான கேமில் கேப் மிச்சம் பிடிக்கும், 144-ஐ எட்டவே திணறும் கனமான கேமில் அண்டர்வோல்ட் மிச்சம் பிடிக்கும். நான் இரண்டையும் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழிக்க முடியாதவர்கள், அண்டர்வோல்ட்டுக்குப் பதிலாக பவர் லிமிட்டை 80 சதவீதம் என்று வைத்துவிட்டுப் போய் விளையாடலாம். ஏஎம்டியின் ரேடியான் கார்டு வைத்திருப்பவர்களுக்கு அதோடு வரும் அட்ரினலின் மென்பொருளிலேயே பவர் லிமிட் ஸ்லைடர் இருக்கிறது. நீங்கள் மவுஸை அசைக்காதபோது ஃபிரேமைக் குறைக்கும் 'சில்' என்ற வசதியும் உண்டு, மெதுவான கேம்களுக்கு அது அருமை.

விண்டோஸ் செட்டிங்ஸில் கிராஃபிக்ஸ் பக்கத்தில் வரும் 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' இதில் எதோடும் சேராது. இரண்டு கிராஃபிக்ஸ் உள்ள லேப்டாப்பில் எந்தச் சிப்பில் கேம் ஓட வேண்டும் என்று சொல்வது அது. டெஸ்க்டாப்பில் ஒரே கார்டு இருந்தால் மாற்றி ஒன்றும் ஆகப்போவதில்லை.

அப்புறம் ஒன்று, ஆஃப்டர்பர்னரில் 'ஸ்டார்ட்அப்பில் அப்ளை செய்' என்ற பொத்தானை முதல் ஒரு வாரம் அழுத்தாதீர்கள். அண்டர்வோல்ட் சரியாக நிற்கவில்லை என்றால் ரீஸ்டார்ட் செய்ததும் பழைய நிலைக்கு வந்துவிடும், அந்தப் பொத்தான் ஆனில் இருந்தால் விண்டோஸ் ஏறும்போதே அதே தப்பான கணக்கு திரும்பவும் வந்து உட்காரும். வாரம் முழுக்க ஒரு கிராஷும் இல்லை என்றால் புரொஃபைலாகச் சேமித்துவிட்டு அழுத்துங்கள்.